அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாலிசியைக் கேள், தங்கச்சி

பசுமலையிலோ திருநகரிலோ மனை வாங்கி, பிளான் அப்ரூவலும் கைக்கு வந்தாச்சு என்றால் அடுத்து எல்லாரும் ஓடுவது வாஸ்து செய்ய நாள் பார்க்கத்தான். நீயும் ஓடு. ஆனால் காண்ட்ராக்டர் கையில் அட்வான்ஸைக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டுவிடு: “அண்ணே, நம்ம சைட்டுல வேலை பார்க்கிற ஆளுகளுக்கு இன்சூரன்ஸ் இருக்கா? பாலிசியைக் கொஞ்சம் காட்டுங்க.”

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நம் ஊரில் காண்ட்ராக்டர் என்பவர் சொந்தக்காரராக இருப்பார், இல்லாவிட்டால் உன் வீட்டுக்காரரோடு படித்தவராக இருப்பார். “என்னம்மா, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுருங்கும். “இல்லண்ணே, எங்க அக்கா கேக்கச் சொன்னாங்க” என்று பழியை என் மேல் போட்டுவிடு. ஒரு இன்ஜினியர் ஆபிஸில் பில்லும் பேப்பரும் பார்க்கிறவள் நான். இந்த மாதிரிப் பழியெல்லாம் பழகிப்போன சமாசாரம்.

அப்ரூவலில் இது வராது

“மாநகராட்சியே கேட்கலையே, நாம ஏன் கேட்கணும்?” என்பாய். திருப்பரங்குன்றம் நகராட்சி 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்ததிலிருந்து இந்தப் பக்கத்து மனைகளுக்கெல்லாம் மாநகராட்சி அனுமதிதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்ற விதித் தொகுப்பின்படி அது நடக்கிறது. பத்திரம், பட்டா, மனை வரைபடம், பதிவு பெற்ற இன்ஜினியர் கையெழுத்து போட்ட பிளான், எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட்டிருக்கிறாய் என்ற கணக்கு, எல்லாம் கேட்பார்கள். தனி வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, கட்டப் போகிறவரின் இன்சூரன்ஸ் பாலிசியை இணைக்கச் சொல்லி அங்கே ஒரு வரியும் கிடையாது.

2024 ஜூலையில் சுய சான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ, அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுவதென்றால் ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அலைச்சல் மிச்சம், நல்ல திட்டம்தான். ஆனால் அதில் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று உறுதி சொல்கிறவள் நீ. அதிகாரி வந்து மனையைப் பார்க்கும் கட்டம் முன்கூட்டி இல்லாததால், அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளையும் நீயேதான் கேட்டாக வேண்டும்.

வெளியூரில் இப்படி இல்லை. கலிஃபோர்னியாவில் கட்டட அனுமதி கேட்டுப் போனால், வேலையாட்களுக்கான இழப்பீட்டுக் காப்பீடு இருக்கிறது என்ற சான்றோ உறுதிமொழியோ தர வேண்டும் என்று அந்த மாநிலத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நியூயார்க் நகரத்திலும் அனுமதிச் சீட்டு வாங்க காண்ட்ராக்டர் காப்பீட்டுச் சான்றுகளை முன்வைக்க வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துப் பையன்கள் கட்டட வேலைக்குப் போகிற சிங்கப்பூரை எடுத்துக்கொள். அங்கே உடலுழைப்பு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அதே பையன் ஊருக்குத் திரும்பி விளாச்சேரியில் ஒரு வீட்டுக்குக் கம்பி கட்டப் போனால் அவனுக்கு என்ன பாலிசி இருக்கிறது என்று ஒரு ஆபிஸும் கேட்பதில்லை. எனக்கு இது கோபம் வரவழைக்கிற விஷயம்.

நம் நாட்டிலும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-ன் 16-வது பிரிவு நில உரிமைக்கும் கட்டுமானத்துக்கும் காப்பீடு எடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது புரமோட்டர் விற்கிற பிளாட்டுகளுக்கானது, அதுவும் மாநில அரசு அறிவிக்கை செய்தால்தான். சொந்த மனையில் சொந்த வீடு கட்டுகிற உனக்கு அந்தச் சட்டம் குடை பிடிக்காது.

யார் தலையில் விழும்?

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை நாடே பேசியது. ஒரு மாடி வீட்டின் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் பேப்பரில் நாலு வரி வரும், அவ்வளவுதான். வழக்கு மட்டும் அந்த நாலு வரியோடு முடியாது.

நம் பக்கம் வீடு கட்டுவது மூன்று வகை. நாமே கொத்தனார், சித்தாள், நிமிந்தாள் வைத்துத் தினக்கூலி கொடுப்பது ஒன்று. சிமெண்டு, கம்பி, மணல் எல்லாம் நாம் வாங்கிப் போட, சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் காண்ட்ராக்ட் விடுவது இன்னொன்று. மெட்டீரியலோடு மொத்தமாகப் பேசிச் சாவியை வாங்கிக்கொள்வது மூன்றாவது.

முதல் வகையில் சந்தேகமே வேண்டாம், முதலாளி நீதான். முன்பு பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், தற்காலிகமாக வந்து, முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலையைச் செய்கிறவரை வெளியே நிறுத்துகிற வாசகம் ஒன்று இருந்தது. 2000-ல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. “நான் பள்ளிக்கூட டீச்சர், கட்டட முதலாளி இல்லை” என்ற வாதத்துக்கு அதனால் பெரிய பலம் இல்லை.

மூன்றாவது வகையில் காண்ட்ராக்டர்தான் முதலாளி. தன் தொழிலுக்காக வேலையைக் காண்ட்ராக்ட் விட்டவரிடம் தொழிலாளி நேராக இழப்பீடு கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. குடியிருக்க வீடு கட்டுவது தொழில் ஆகாது என்று நீ வாதாடலாம். மாடியில் மூன்று போர்ஷன் வாடகைக்கு விடக் கட்டுகிறாய் என்றால் அந்த வாதம் ஆட்டம் காணும். சிக்கல் பிடித்தது நடுவில் இருக்கிற லேபர் காண்ட்ராக்ட். எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது, சனிக்கிழமை சம்பளத்தை மேஸ்திரி ஊரில் இல்லை என்று நீயே ஜிபேயில் ஆளுக்கு ஆள் அனுப்பியிருப்பாய். அப்புறம் முதலாளி யார் என்று கேட்டால் உன் போன்தான் பதில் சொல்லும்.

தொகை எவ்வளவு என்று பார். 1923-ம் வருடத்து அந்த இழப்பீட்டுச் சட்டம் இப்போது, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் ஓர் அத்தியாயமாகப் போய்விட்டது. கணக்குப் போடும் முறை பழையதுதான். வேலையில் இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கென்று கொடுத்திருக்கிற எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுக்கும் உச்சவரம்பை 2020 ஜனவரியில் மாதம் 15,000 ரூபாய் ஆக்கினார்கள். நாற்பது வயதுக் கொத்தனார் என்றால் எண் 184.17. 7,500-ஐ அதனால் பெருக்கினால் 13,81,275 ரூபாய். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு எண் 216.91, தொகை 16,26,825 ரூபாய். உயிர் பிழைத்து, இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்ற நிலை வந்தால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். அந்த நாற்பது வயதுக்காரருக்கு 16,57,530. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் சேரும். அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது, முதலாளிதான் கட்ட வேண்டும்.

ஹவுசிங் லோன் வாங்கிக் கட்டுகிற குடும்பத்துக்கு இந்தத் தொகை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இறந்தவர் குடும்பத்தை நினைத்துப் பார். காண்ட்ராக்டரிடமும் பணம் இல்லை, உன்னிடமும் இல்லை என்றால் தீர்ப்பு வந்தும் அவர்கள் கைக்கு ஒன்றும் வராது. பாலிசி கேட்பது உன்னைக் காப்பாற்ற என்பதைவிட, அந்தப் பெண்டாட்டி பிள்ளைகள் கைக்குப் பணம் போய்ச் சேர என்று நினைத்துக்கொண்டால் கூச்சம் தானாகக் குறையும்.

முதல் பாலிசி: ஆளுக்கு

மார்க்கெட்டில் இதை ‘டபிள்யூ.சி. பாலிசி’ என்பார்கள். ஒர்க்மென் காம்பன்சேஷன் என்ற பழைய பெயரின் சுருக்கம். பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் அரசோ தனியாரோ எல்லாரும் தருகிறார்கள். ஒரு சைட்டுக்கு மட்டும், கட்டி முடிக்கும் மாதங்களுக்கு மட்டும் எடுக்கலாம். ஒவ்வொருவர் பெயரையும் எழுத வேண்டும் என்பதில்லை. கொத்தனார் இத்தனை பேர், சித்தாள் இத்தனை பேர், சம்பளம் இவ்வளவு என்று வகைவாரியாகக் கொடுத்தால் போதும். மொத்தச் சம்பளத்தையும் வேலையின் ஆபத்தையும் வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். இரண்டு கம்பெனியில் விலை கேட்டுப் பார். மாடுலர் கிச்சனுக்கு நீ ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில் ஒரு ஓரம்தான் ஆகும்.

காண்ட்ராக்டர் “இருக்கும்மா” என்று ஒரு தாளை நீட்டுவார். வாங்கி மடித்து வைத்துவிடாதே, படி. எங்கள் ஆபிஸுக்கு வருகிற பாலிசிகளில் நான் முதலில் பார்ப்பது சைட் முகவரி. போன வருடம் வேறு ஊரில் கட்டிய வீட்டுக்கு எடுத்தது உன் மனைக்குச் செல்லாது. அடுத்து தேதி. ஆறு மாதத்தில் முடிப்பதாகச் சொல்லி எடுத்திருப்பார்கள், வீடு பத்தாவது மாதத்தில் பூச்சு வேலையில் நிற்கும். முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு முன்பே நீட்டிக்கச் சொல்.

பிறகு வேலை விவரம். ‘பெயிண்டிங்’ என்றோ ‘பிளம்பிங்’ என்றோ ஆபத்து குறைந்த வேலையாகப் போட்டு பிரீமியத்தைக் குறைத்திருந்தால், சாரத்தில் ஏறி விழுந்தவருக்குக் கிளெய்ம் வரும்போது கம்பெனி கேள்வி கேட்கும். கட்டட வேலை என்றும், உயரத்தில் செய்யும் வேலை, பழைய வீட்டை இடிப்பது, ஆழமாக வானம் தோண்டுவது எது உண்டோ அதுவும் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஆள் கணக்கில் இருக்கிறது. வழக்கமான நாளில் ஆறு பேர் வேலை பார்க்கும் சைட்டில், தளம் காங்கிரீட் போடும் நாளில் மிக்சர் மிஷினோடு இருபது முப்பது பேர் இறங்குவார்கள். அன்றைக்குத்தான் அவசரம், மழை பயம், தலைக்கு மேல் சட்டிகள், ஈரப் பலகை எல்லாம். ஆறு பேர் சம்பளத்தை மட்டும் காட்டி எடுத்த பாலிசி அந்த நாளில் நொண்டும். கணக்குக் கொடுக்கும்போதே காங்கிரீட் நாள் ஆட்களையும் சேர்த்துக் கொடுக்கச் சொல். வருகிறவர்கள் வேறு மேஸ்திரியின் ஆட்கள் என்பதையும் மறக்காதே. சென்ட்ரிங்காரர் ஒரு செட், கம்பி கட்டுபவர் ஒரு செட், டைல்ஸ் ஒட்டுபவர் ஒரு செட், எல்லாரும் உன் காண்ட்ராக்டரிடமிருந்து துணைக் காண்ட்ராக்ட் எடுத்தவர்கள். ‘துணை ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கும் பொருந்தும்’ என்ற வரி பாலிசியில் தனியாக இருந்தால்தான் அவர்களும் உள்ளே.

மருத்துவச் செலவும் அப்படித்தான். சிகிச்சைச் செலவைத் திருப்பித் தருவது முதலாளியின் கடமை என்று 2009 திருத்தம் சொல்லிவிட்டது. சாதாரண டபிள்யூ.சி. பாலிசியிலோ அது தானாகச் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டி, ஆளுக்கு இவ்வளவு ரூபாய் வரை என்று சேர்க்க வேண்டும். உயிர் போவதைவிட இடுப்பும் காலும் உடைவதுதான் அதிகம் நடப்பது. இந்தக் கூடுதல் தொகையில் கஞ்சம் பார்க்காதே.

நேராக ஆள் வைத்துக் கட்டுகிறாய் என்றால் இதே பாலிசியை உன் பெயரில் எடு. லேபர் காண்ட்ராக்ட் என்றால் மேஸ்திரி பெயரில் எடுத்து, உரிமையாளர் என்று உன் பெயரையும் சேர்க்கச் சொல். மேஸ்திரியிடம் காசு இல்லை என்றால் பிரீமியத்தை நீ கட்டிவிட்டுக் கடைசிப் பில்லில் கழித்துக்கொள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றும் இல்லை.

இரண்டாவது பாலிசி: கட்டடத்துக்கு

இதற்குப் பெயர் சி.ஏ.ஆர்., காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி. பெரிய காண்ட்ராக்ட்காரர்கள் பாலத்துக்கும் அடுக்குமாடிக்கும் எடுப்பது. வீட்டுக்கும் எடுக்கலாம், நம் ஊரில் எடுப்பவர் குறைவு. தீ, புயல், வெள்ளம், சரிவு, திருட்டு ஆகியவற்றால் பாதிக் கட்டடத்துக்கும் சைட்டில் கிடக்கும் பொருளுக்கும் வரும் சேதத்தை அதன் முதல் பகுதி பார்த்துக்கொள்ளும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் சில மணி நேரம் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். வானம் தோண்டிப் போட்டிருக்கும் நேரத்தில் அப்படி ஒரு மழை பிடித்தால் குழியும் போகும், அடுக்கி வைத்த சிமெண்டு மூட்டையும் கல்லாகும்.

இதை எடுத்தால் முழு மதிப்புக்கு எடு. 40 லட்ச ரூபாய் வீட்டை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் கணக்காகும், அதிலும் உன் பங்கு என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். நீ வாங்கிப் போட்ட கம்பி, டைல்ஸ், கதவு எல்லாவற்றின் விலையும் அந்த மதிப்பில் சேர வேண்டும்.

பிளானிலேயே தப்பு என்றால் இது தராது. மட்டமான வேலை என்றால் அந்த மட்டமான பகுதியைத் திரும்பச் செய்யும் செலவு வராது. அது விழுந்து நன்றாக இருந்த மற்ற பகுதியை உடைத்தால் அந்தச் சேதம் வரும். நடுத்தரக் குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, வேலை நின்றுபோன காலத்தில் நடக்கும் சேதத்தை இந்தப் பாலிசி ஏற்பதில்லை என்பது. லோன் தவணை வரவில்லை, சீட்டு எடுக்க வேண்டும் என்று இரண்டு மாதம் சும்மா போடுவோமே, அந்த நேரம்தான். நிறுத்துவதற்கு முன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்.

இரண்டாம் பகுதி, மூன்றாம் நபருக்கு வரும் சேதத்துக்கு. ரோட்டில் போனவர் மேல் செங்கல் விழுவது, பக்கத்து வீட்டுக் கார் மேல் சாரம் சரிவது இதில் அடங்கும். உன் வேலையாட்கள் இதில் அடங்க மாட்டார்கள். சி.ஏ.ஆர். இருக்கிறது, டபிள்யூ.சி. வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பக்கத்து வீட்டுச் சுவர் விஷயமும் நுணுக்கமானது. மலையடிவாரத்தில் தோண்டும்போது பாறை தட்டுப்பட்டால் பிரேக்கர் வைத்து உடைப்பார்கள். அந்த அதிர்வில் அடுத்த வீட்டுச் சுவர் விரிசல் விட்டால், அதிர்வால் வந்த சேதத்தைத் தனியாகக் கேட்டுச் சேர்த்திருந்தால்தான் பணம் வரும். சேர்க்கிறாயோ இல்லையோ, தோண்ட ஆரம்பிக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரர் முன்னாலேயே அவர் சுவரைத் தேதியோடு போட்டோ எடுத்து வை. பழைய விரிசலுக்கு நீ பூசிக் கொடுக்க வேண்டி வராது, அவரோடு சண்டையும் வராது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசிக்காதே, ஆளுக்கான பாலிசியை எடு. சிமெண்டைத் திரும்ப வாங்கிவிடலாம்.

“பேங்க்ல போட்டாச்சே அக்கா” என்று ஒரு தங்கச்சி சொல்வாள். ஹவுசிங் லோனோடு பேங்க் தலையில் கட்டுவது பெரும்பாலும் கடன் வாங்கியவர் உயிருக்கான பாலிசி, கட்டி முடித்த வீட்டுக்கான தீ பாலிசி. சாரத்தில் நிற்கிறவருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இருபது ரூபாய்ப் பாலிசியும் வாரிய அட்டையும்

வேலைக்கு வருகிறவர்களிடம் பிரதமர் சுரக்ஷா பீமா போட்டிருக்கிறார்களா என்று கேள். பேங்க் கணக்கு இருந்தால் போதும், 18 முதல் 70 வயது வரை வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருடம். கணக்கில் பணம் இல்லாமல் மே மாதம் பிடிக்க முடியாமல் போனால் பாலிசி அற்றுவிடும், பலருக்கு அது தெரிவதே இல்லை. வடமாநிலத்திலிருந்து வந்த பையன்களுக்கும் அவரவர் ஊர் பேங்க் கணக்கிலேயே இது நடக்கும்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-ல் தொடங்கியது. 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. பணியிட விபத்து மரணத்துக்கு லட்சக் கணக்கில் உதவி, பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, வயதான பிறகு ஓய்வூதியம் என்று பலதும் உண்டு. சித்தாள் வேலைக்கு வரும் அக்காமார்களில் பலர் அட்டையைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பார்கள். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது போனில் பார்த்துச் சொன்னால் உனக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் இந்த உதவிகள் எதுவும் முதலாளி தர வேண்டிய இழப்பீட்டுக்கு மாற்று ஆகாது.

எழுதி வாங்கு

முத்திரைத் தாளில் ஒப்பந்தம் போடும்போது சதுர அடி ரேட்டும் தவணையும் மட்டும் எழுதுவார்கள். அதோடு இதையும் எழுதச் சொல்: “மேற்படி மனையில் வேலை செய்யும் அனைத்து ஆட்களுக்கும், துணை ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கும் சேர்த்து, வேலை தொடங்கும் நாள் முதல் முடியும் நாள் வரை இழப்பீட்டுப் பாலிசி எடுத்து அதன் நகலை உரிமையாளரிடம் ஒப்படைப்பேன். பாலிசி நடப்பில் இல்லாத நாட்களில் வேலை நடக்காது. தவணைத் தொகை பாலிசி நகல் கொடுத்த பிறகே பெறப்படும்.” கடைசி வாக்கியம்தான் வேலை செய்யும்.

நகலை வாங்கியதும் அதிலிருக்கிற பாலிசி எண்ணை வைத்து அந்தக் கம்பெனியின் கிளையிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ உண்மைதானா என்று கேட்டுவிடு. சைட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, தினமும் யார் வந்தார்கள், என்ன கூலி என்று எழுதச் சொல். ஆதார் நகலும் இருக்கட்டும். அன்றைக்கு அவர் வேலைக்கு வந்தாரா என்பதே சில கிளெய்ம்களில் முதல் சண்டை.

மனைக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பிளான் போடும்போதே பார். வீட்டு லைனாக இருந்தாலும் 11,000 வோல்ட் லைனாக இருந்தாலும் கட்டடத்துக்கும் கம்பிக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் வேண்டும். மேலே என்றால் வீட்டு லைனுக்கு 2.5 மீட்டர், 11,000 வோல்ட்டுக்கு 3.7 மீட்டர். மாடிக்கு நீளக் கம்பியை நிமிர்த்தி ஏற்றும்போது லைனில் பட்டுப் போகும் உயிர்கள் எத்தனையோ. மின்வாரிய ஆபிஸில் எழுதிக் கொடுத்து லைனைத் தள்ளிப் போட ஏற்பாடு செய்த பிறகு மாடி வேலையைத் தொடங்கு.

விழுந்துவிட்டால்

முதலில் 108. மதுரையில் பெரிய அடி என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனைதான். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவசம் என்று யாராவது சொல்வார்கள். அது சாலை விபத்துக்கு மட்டும், சாரத்திலிருந்து விழுந்தவருக்கு வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை குடும்பத்தில் இருந்தால் எடுத்துவரச் சொல். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் ‘வேலை செய்யும் இடத்தில் விழுந்தது’ என்றே எழுத வேண்டும். “வீட்டில் வழுக்கி விழுந்தார்னு சொல்லிடலாம்” என்று சைட்டில் ஒருவர் கிளம்புவார், விடாதே. அந்த ஒரு பொய்யால் பாலிசியே பயனில்லாமல் போகும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே எழுத்தில் தகவல் கொடு. உயிர் போயிருந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், தொழிலாளர் துறைக்கு ஏழு நாளுக்குள் அறிக்கை போக வேண்டும்.

அதன் பிறகு நடக்கும் பஞ்சாயத்தில்தான் பலரும் வழுக்குவது. உறவினர்கள் வருவார்கள், ஊர்ப் பெரியவர் வருவார், நாலு லட்சம் ஐந்து லட்சம் என்று பேசி ரொக்கமாகக் கொடுத்து ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்குவார்கள். சட்டத்தின் முன் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. மரண இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் டெபாசிட் செய்ய வேண்டும், அவர்தான் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். நேரில் கொடுத்ததை இழப்பீடாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், முன்பணமாகக் கொடுத்த மூன்று மாதச் சம்பளம் வரைதான் விதிவிலக்கு. அடக்கச் செலவுக்கும் குடும்பம் ஊர் போய்ச் சேரவும் மனிதாபிமானத்தோடு கொடு, தாராளமாகக் கொடு. ஆனால் கம்பெனியைக் கேட்காமல் ‘தப்பு எங்களோடது, இவ்வளவு தர்றோம்’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதே. அப்படிப் போட்டால் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கம்பெனி இழுத்தடித்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுது. பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம்.

இந்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கப் போகிற தங்கச்சிகள், பணத்தை எண்ணுவதற்கு முன் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி, சைட் முகவரி, தேதி, வேலை விவரம், ஆள் எண்ணிக்கை, துணைக் காண்ட்ராக்ட் வரி, மருத்துவச் செலவு வரி ஆறும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் திருத்தி வாங்கி வந்த பிறகு பணம் கொடுங்கள்.